குபேரன் காலடியில் ஒரு முகம்

நீங்கள் உள்ளே சொன்னது என் காதில் விழுந்தது அக்கா. தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜப்பான்காரர்கள் காலுறையோடு மூச்சுக்கூட விடாமல் நடக்கிற மண்டபத்தில், "ஏங்கண்ணு, இந்த மூஞ்சியப் பாரு, பொழுதன்னைக்கும் யாரையோ வஞ்சுக்கிட்டே இருக்குது" என்று ஈரோட்டுத் தமிழ் கேட்டால் யார்தான் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்? தூணுக்குப் பின்னால் நின்றது நான்தான். அந்த மூஞ்சியைச் செய்ததும் நான்தான்.

ஐயையோ, எழுந்திருக்காதீர்கள். மன்னிப்பெல்லாம் எதற்கு? உங்கள் மகன் மேலே கோபுரத்தைப் படம் பிடிக்கப் போயிருக்கிறார். அந்தப் படிக்கட்டு லேசில் விடாது. பஸ்ஸும் இப்போதைக்கு வராது. இந்தப் பலகையில் வெயிலாவது அடிக்கிறது, உட்காருங்கள். நானும் யாரிடமாவது தமிழில் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். ஜப்பான் மொழியில் கோபப்பட முடியாது அக்கா. கோபத்தைக்கூடக் குனிந்து வணங்கித்தான் சொல்ல வேண்டும். குனிந்து எழுவதற்குள் பாதிக் கோபம் போய்விடும்.

எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஆவுடைச்செல்வி. சங்கரன்கோவில் பக்கம். இங்கே 'ல்' என்ற எழுத்து யார் வாயிலும் நுழையாது, ஆகவே நான் செருபி. செருபி-சான். சான் என்பது மரியாதைக்கு. கெமிஸ்ட்ரி படித்தேன். சென்னையில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வெண்கலச் சிலைகளுக்குப் பச்சைக் களிம்பு எடுத்துக்கொண்டிருந்தேன். மண்ணைத் தொட வேண்டும் என்று ஆசை. உதவித்தொகை கிடைத்தது, வந்தேன். படிப்பு முடிந்தும் இங்கேயே, ஊருக்குள் இருக்கிற, பழைய சிலைகளைச் செப்பனிடும் பட்டறையில் தங்கிவிட்டேன்.

நீங்கள் பார்த்தது ஆயிரத்து முந்நூறு வருஷத்துச் சிலை. வடக்குத் திசைக்குக் காவல். ஆமாம், நம் குபேரன்தான். நம் ஊரில் தொந்தியும் பணமூட்டையுமாக இருப்பவர், இங்கே வந்து கவசம் மாட்டிக்கொண்டு காவல் நிற்கிறார். காலடியில் ஒருவன் நசுங்கிக் கிடக்கிறானே, அவன் அரக்கன். நடராசர் காலடியில் முயலகன் கிடப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முயலகன் நடனம் பார்த்துக்கொண்டு கிடக்கிறான். இவனுக்கு அதுவும் இல்லை. சும்மா மிதிபட வேண்டியதுதான்.

முழுக்க முழுக்க மண் அக்கா, சுடாத பச்சை மண். நடுவில் மரக்கட்டை, அதன்மேல் வைக்கோல் பிரி, அதன்மேல் வைக்கோல் கலந்த மண், பிறகு உமி கலந்த மண், கடைசியாகக் காகித நாரும் மினுங்குகிற காக்காப்பொன் தூளும் கலந்து வெண்ணெய் மாதிரி அரைத்த மண். சூளையில் வைக்காமல் ஆயிரத்து முந்நூறு வருஷம் நிற்கிறது என்றால் பாருங்கள். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு நிலநடுக்கம் வந்தது. சாமி விழவில்லை, ஆனால் குலுங்கியதில் வலது கை போய்விட்டது. அந்தக் கை நேராகக் கீழே விழுந்தது எங்கே தெரியுமா? அரக்கன் மூஞ்சியில். காலால் மிதித்தது போதாது என்று கையாலும் ஒன்று கொடுத்திருக்கிறார்.

சிலையைப் பட்டறைக்குக் கொண்டுபோவதற்கு முன் இங்கே ஒரு சடங்கு உண்டு. நம் ஊரில் பாலாலயம் செய்வார்களே, திருப்பணி முடியும்வரை சாமியைக் கும்பத்தில் இறக்கி வைப்பார்களே, அதே மாதிரி. இந்தப் புத்தர் கோயில் குருக்கள் மந்திரம் சொல்லி உயிரை எடுத்துவிடுவார். வேலை முடிந்து திரும்பி வந்ததும் கையில் தூரிகை பிடித்துக் காற்றிலேயே கண் எழுதுவார், உயிர் வந்துவிடும். எல்லாரும் சம்பிரதாயத்துக்குக் கைகூப்பி நின்றார்கள். எனக்கு மட்டும்தான் அங்கே அது புரிந்தது என்று நினைக்கிறேன். ஹிரானுமா-சென்செய்கூடக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் யார் என்று சொல்லவில்லையே. பட்டறைத் தலைவர். சென்செய் என்றால் வாத்தியார். எனக்கு அவர்மேல் எந்த வருத்தமும் கிடையாது. மண்ணைப் பற்றி அவருக்குத் தெரிந்தது இந்த நாட்டில் யாருக்கும் தெரியாது. நாளுக்குப் பத்து வார்த்தை பேசுவார். அதில் ஐந்து "ம்" என்பதாக இருக்கும்.

அந்தக் கையை நான்தான் பொறுக்கினேன் அக்கா. குளிர்காலம் பூராவும். சில்லுசில்லாக உடைந்த மண்ணைப் பஞ்சு விரித்த தட்டுகளில் அடுக்கி, இது சுண்டுவிரல், இது மணிக்கட்டு, இது யாருடையது என்றே தெரியவில்லை என்று பிரித்து வைத்தேன். ஒட்டுகிற வேலை ஆரம்பிக்கிற அன்று காலை ஹிரானுமா வந்தார். தட்டுகளைப் பார்த்தார். "ம்" என்றார். பிறகு சொன்னார்: "செருபி-சான், கையை நட்சுமி-சான் ஒட்டட்டும். உங்கள் விரல் அவசரப்படுகிறது. நீங்கள் கொஞ்ச நாள் கீழே இருங்கள்."

கீழே! கேட்டீர்களா அந்த வார்த்தையை?

நட்சுமி நல்ல பெண். எனக்குப் பின்னால் சேர்ந்தவள். என்னிடம்தான் பசை காய்ச்சக் கற்றுக்கொண்டாள். அவள் ஏணியில் உட்கார்ந்து சாமி கைக்கு விரல் வைப்பாளாம், நான் தரையில் கிடந்து அரக்கனுக்கு மூக்கு வைப்பேனாம். "நன்றி" என்று குனிந்தேன். ஆனால் ஒன்று மனதில் எழுதிக்கொண்டேன். கீழேதானே? கீழே ஒருத்தி என்ன செய்வாள் என்று பாருங்கள்.

கோபம் இல்லை, சும்மா சொல்கிறேன்.

கீழே வேலை என்றால் உட்கார்ந்து செய்ய முடியாது. அவன் மூஞ்சி தரையோடு தரையாகச் சாய்ந்து கிடக்கிறது. சாமியின் செருப்பு அவன் கழுத்தில். நானும் பாய் விரித்துக் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, அவனுக்கு எதிரே முகத்தோடு முகமாகக் கிடக்க வேண்டும். காலையில் படுத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்திருப்பேன். கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். தலைக்கு மேலே ஏணியில் நட்சுமியும் ஹிரானுமாவும் மெதுவாகப் பேசிக்கொள்வார்கள், மேலேயிருந்து மண்தூள் என் காதில் விழும். ஒருநாள் ஹிரானுமா நட்சுமியைப் பாராட்டியதுகூடக் கேட்டது. பாராட்டு என்றால் "ம்" இல்லை அக்கா, "நல்லது" என்று வாய்விட்டு. எனக்கு அந்த ஆள் ஒருநாளும் "நல்லது" சொன்னதில்லை. அன்றைக்கு அரக்கனின் புருவத்து மடிப்பை வைத்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நன்றாக வந்தது.

இப்போது தகராறு என்னவென்று சொல்கிறேன். எங்கள் தொழிலில் ஒரு விதி இருக்கிறது. போன பாகத்தை இஷ்டத்துக்குச் செய்து வைக்கக் கூடாது. சான்று வேண்டும். பழைய படம், அச்சு, ஏதாவது. சான்று எங்கே முடிகிறதோ அங்கே கையும் நிற்க வேண்டும். மீதி இடத்தை வழவழவென்று விட்டுவிட வேண்டும், பார்க்கிறவனுக்கு இங்கே எங்களுக்குத் தெரியவில்லை என்று தெரியும்படியாக. இந்த அரக்கனுக்கு ஒரு பழைய கண்ணாடித் தகட்டுப் படம் இருந்தது. ரொம்பக் காலத்துக்கு முன்னால் யாரோ எடுத்தது. அதில் புருவம் தெரிகிறது, ஒரு கண் தெரிகிறது, வாயில் ஒரு பாதி தெரிகிறது. மூக்கு, இடது கன்னம், இடப் பக்கத்து உதடு எல்லாம் சாமி காலின் நிழலில் கறுப்பாகக் கிடக்கிறது.

"நிழலில் நிறுத்திவிடுங்கள்" என்றார் ஹிரானுமா.

எப்படி நிறுத்துவது? சொல்லுங்கள் அக்கா. ஒரு கண் கொதிக்கிறது, பாதி வாய் பல்லைக் கடிக்கிறது, மீதி மூஞ்சி கழுவி வைத்த பாத்திரம் மாதிரி பளபளவென்று இருந்தால் அது முகமா? பாதி கோபத்தில் ஒருத்தனை நிறுத்துவது பாவம் இல்லையா? அவனாவது முழுசாகக் கோபப்பட்டுவிட்டுப் போகட்டுமே!

ஹிரானுமா தெற்கே வேறு ஒரு கோயிலுக்குப் போயிருந்தார். அந்த வாரத்தில் முடித்துவிட்டேன். ஒளித்துச் செய்யவில்லை. எல்லாரும் இருக்கும்போதுதான் செய்தேன். யாரும் என்னை என்ன செய்கிறாய் என்று கேட்கவில்லை, குனிந்து பார்த்தால்தானே தெரியும். விதியையும் மீறவில்லை. பழைய மண்ணுக்கும் என் மண்ணுக்கும் நடுவில் மெல்லிய தாள் ஒட்டியிருக்கிறேன், கடற்பாசிப் பசை போட்டு. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து வைத்தால் தோல் உரிகிற மாதிரி வந்துவிடும். எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் விதி. அதை நான் அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறேன்.

நிழலில் இருந்ததை எப்படிச் செய்தேன் என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. இதைப் பட்டறையில் ஒருத்தரும் கேட்கவில்லை. தெரிகிற பாதியிலிருந்து தெரியாத பாதியைக் கணக்குப் போட வேண்டும். இந்தப் புருவம் இப்படி இறங்கினால் மூக்கு எப்படி விடைக்கும், கன்னம் தரையில் அழுந்தினால் உதடு எந்தப் பக்கம் கோணும்? பாய்க்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டேன். கன்னத்தைத் தரையில் அழுத்துவேன், மூச்சைப் பிடிப்பேன், புருவத்தை இறக்குவேன். எந்தச் சதை எங்கே மடிகிறது என்று பார்ப்பேன், உடனே மூங்கில் கரண்டியால் மண்ணில் வைப்பேன். மேலே ஏணியிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்கிறபோது இன்னும் நன்றாக மடியும். சுத்தமான உடற்கூறு அக்கா. இதில் என்னுடையது என்று ஒன்றுமே கிடையாது.

முதலில் குனிந்து பார்த்தது நட்சுமி. பார்த்தாள், வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்குகிறது. மற்றவர்களைக் கூப்பிட்டாள். ஒவ்வொருத்தராகக் குனிந்து பார்த்தார்கள், ஒவ்வொருத்தராகத் திரும்பிக்கொண்டார்கள். அதில் ஒருவன், தச்சுவேலைக்காரன், கொஞ்சம் வாய்த்துடுக்கு, மெதுவாகச் சொன்னான்: "சென்செய் வரட்டும், வேடிக்கையாக இருக்கும்."

எனக்குப் பொறி தட்டியது. அந்தச் சப்பை மூக்கு! புருவத்து நடுவில் அந்த ஒற்றை மடிப்பு! இவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்றால், நான் ஹிரானுமா மூஞ்சியை அரக்கனுக்கு வைத்துவிட்டேனாம். பழி வாங்கிவிட்டேனாம். எவ்வளவு கேவலமான நினைப்பு! நான் அப்படிப்பட்டவளா? உயிரை எடுத்துக் கோயிலில் இறக்கி வைத்தாயிற்று, பட்டறையில் இருப்பது வெறும் மண். வெறும் மண்ணுக்கு யார் ஜாடை இருக்க முடியும்?

ஆனால் ஒன்று, அக்கா, உங்களிடம் மட்டும் சொல்கிறேன். கொஞ்சம் அவர் ஜாடை இருக்கத்தான் செய்தது. வேண்டுமென்று செய்யவில்லை. தானாக அமைந்தது. அமைந்ததை நான் எதற்குக் கெடுக்க வேண்டும்?

அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். நம் ஆள் ஒருத்தராவது நியாயம் சொல்லட்டுமே என்று. அம்மா போனை எடுத்ததும் என்ன கேட்டாள் தெரியுமா? "ஏட்டி, ஒனக்கு என்னத்துக்குட்டி இம்புட்டுக் கோவம்? அங்க ஒழுங்காச் சாப்பிடுதியா இல்லியா?" என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. "ஏம்மா, நான் செலையப் பத்திக் கேட்டா நீ என்னையப் பத்திப் பேசுத" என்றேன். "செலையத்தான் சொல்லுதேன். ஒதட்டக் கோணாத, கோணாதன்னு சின்னதுல இருந்து சொல்லுதேன், கேட்டியா நீ?" என்றாள். காது மந்தமாகிவிட்டது பாவம். எதற்கோ எதையோ சொல்கிறாள். வைத்துவிட்டேன்.

ஹிரானுமா வந்தார். பட்டறையே அவரவர் வேலையில் மும்முரமாக இருப்பதுபோல நடித்தது. அவர் நேராகச் சிலையிடம் வந்தார். குனிந்தார். பிறகு மண்டியிட்டார். பிறகு, அத்தனை வயசு மனிதர், என் பாயில் அப்படியே படுத்துக் கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் பார்த்தார். கத்தட்டும் என்று இருந்தேன். ஒருமுறையாவது கத்தட்டும், நானும் கத்துவேன், தீர்ந்துவிடும்.

எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "நல்லது" என்றார்.

ஆமாம் அக்கா. "நல்லது. இதைவிட நன்றாக யாரும் செய்ய முடியாது. எடுத்துவிட வேண்டும்."

"ஏன்?"

"இது யாரோ ஒருவர், செருபி-சான். அரக்கன் யாரோ ஒருவராக இருக்கக் கூடாது."

பார்த்தீர்களா, நழுவுகிறார். நான் விடவில்லை. குனியாமல் நிமிர்ந்து நின்று கேட்டேன்: "சென்செய், உங்களைத்தானே சொல்கிறீர்கள்? உங்களை மாதிரி இருக்கிறது என்றுதானே?"

அவர் என்னையே பார்த்தார். "நானா?" என்றார். மறுபடியும் குனிந்து அரக்கனைப் பார்த்தார். பிறகு சிரித்தார் அக்கா. அந்த மனிதர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்தார். "இல்லை, இல்லை, நான் இவ்வளவு அழகில்லை" என்றார். பட்டறையே சிரித்தது. என்ன நடிப்பு! அவமானத்தை மறைக்க மனிதர்கள் என்னென்னவெல்லாம் செய்கிறார்கள்.

அப்புறம் கூட்டம். குருக்கள் வீட்டில், பாயில் உட்கார்ந்து, பச்சைத் தேநீர் குடித்துக்கொண்டு. குருக்கள், குருக்களம்மா, கலாசாரத் துறையிலிருந்து ஒரு அதிகாரி, ஹிரானுமா, நான். இங்கே குருக்கள்மார் கல்யாணம் பண்ணிக்கொள்வார்கள். இந்தக் குருக்களம்மாவுக்கு ஏனோ என்மேல் தனிப் பிரியம். எப்போது பார்த்தாலும் இரண்டு கொழுக்கட்டை கூட வைப்பார். "இங்கே மனம்விட்டுப் பேச யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்பார். நான் என்ன பேச்சில்லாமல் கிடக்கிறேனா?

அதிகாரி சொன்னார், சான்றில்லாத பகுதி, விதிப்படி நீக்க வேண்டும். நான் சொன்னேன், நீக்கக்கூடிய விதமாகத்தானே செய்திருக்கிறேன், அப்படியானால் இருக்கவும் செய்யலாமே. அவர் தேநீரைக் குடித்தார். குருக்களம்மா மட்டும் சொன்னார்: "அவனைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. ஏதோ சொல்ல வாயெடுத்துச் சொல்லாமலே படுத்திருக்கிறான்." குருக்கள், "இலையுதிர்காலத்தில் மண்டபத்தை மக்களுக்குத் திறந்துவிட நாள் குறித்தாயிற்று. இப்போது வைத்துக்கொள்வோம், திறப்பு முடிந்ததும் எடுத்துவிடலாம்" என்றார். எல்லாரும் குனிந்தார்கள்.

அப்போது ஹிரானுமா என் பக்கம் திரும்பினார். "எடுப்பதை நீங்களே செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன். அடுத்து மேற்குத் திசைக் காவலர் பட்டறைக்கு வருகிறார். அவர் முகத்தில் விரிசல் இருக்கிறது. இதை எடுத்துவிட்டீர்கள் என்றால் அந்த முகத்தை உங்களிடம் தருவேன்."

அந்த மேற்குக் காவலர் பெயர் விரூபாட்சன் அக்கா! பெயரைச் சொன்னால் நம் ஊர்த் தேரடியில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். உள்ளே வலது கோடியில் நிற்கிறாரே, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டு. இந்த நாட்டில் மண்ணில் செய்த முகங்களில் அதுபோல ஒன்று இல்லை. அவர் முன்னால் ஏணி போட்டு உட்கார வேண்டும் என்றுதான் நான் கடல் தாண்டி வந்தேன். அது அந்த ஆளுக்குத் தெரியும். தெரிந்துதான் அதைக் காட்டி என்னை வளைக்கிறார். என் கையாலேயே என் வேலையை அழி, உனக்கு மிட்டாய் தருகிறேன் என்கிறார். நானா வளைவேன்?

"எடுக்க மாட்டேன்" என்றேன்.

"அப்படியானால் நட்சுமி-சான் எடுப்பார். உங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது கஷ்டமாகிவிடும். திறப்பின் கடைசி நாள் சாயங்காலம்வரை யோசியுங்கள்."

இன்றைக்குத்தான் கடைசி நாள். மணி அடித்ததும் கதவைச் சாத்துவார்கள். ஹிரானுமா உள்ளே அலுவலக அறையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார், என் பதிலுக்காக. குடிக்கட்டும். இல்லையென்றால் இல்லை. ஊருக்குப் போய்ப் பச்சைக் களிம்பு சுரண்டுவேன். எனக்கென்ன? நான் செய்தது தப்பு என்று யாராவது காரணத்தோடு சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். ஒருத்தர் சொல்லவில்லை. யாரோ ஒருவராம், யாரோ ஒருவர். அது ஒரு காரணமா?

இந்தத் திறப்பு நாள்களில் நான் தினமும் வந்து தூணுக்குப் பின்னால் நிற்கிறேன். எத்தனை கூட்டம்! எத்தனை பேர் குனிந்து பார்க்கிறார்கள்! பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவனைப் பார்த்து மூஞ்சியைக் கோணிக் காட்டுகிறார்கள். வயசான அம்மாக்கள் "பாவம், பாவம்" என்று அவன் தலைக்கு நேராகத் தடவுகிற மாதிரி கையை ஆட்டுகிறார்கள். ஒரு மனுஷி அவனுக்கு ஆரஞ்சுப்பழம் வைத்துவிட்டுப் போனாள். சாமிக்கு வைக்கவில்லை! இதைவிட என்ன சான்று வேண்டும்? நீங்களே வந்ததும் எதைப் பார்த்தீர்கள்? அவனைத்தானே?

சாமியைப் பார்த்தீர்களா அக்கா? உண்மையைச் சொல்லுங்கள். வலது கையைத் தூக்கிப் பிடித்திருக்கிறாரே, அதில் என்ன இருந்தது?

பார்க்கவில்லையா?

சும்மா கேட்டேன். யாரும் பார்ப்பதில்லை. ஒரு குட்டிக் கோபுரம் இருக்கிறது. உள்ளங்கை அகலம். அதைத் தொட்டும் தொடாமலும் தாங்குகிற மாதிரி விரல்களை வைத்திருக்கிறார். அந்தச் சுண்டுவிரலை நான் சில்லுசில்லாகப் பொறுக்கினேன், நட்சுமி ஒட்டினாள். ஒட்டிய இடம் எனக்கே தெரியவில்லை. இத்தனை நாளில் ஒருத்தராவது நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். பார்த்திருக்க வேண்டும். நான் கவனிக்கவில்லை. நானும் கீழேதான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சரி, அது அவள் பாடு. நான் சொல்ல வந்தது வேறு.

ஜாடை என்று சொல்கிறார்களே, அந்த உதட்டை எப்படிச் செய்தேன் என்று உங்களுக்குச் செய்தே காட்டுகிறேன். கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். யாரும் இல்லை, பரவாயில்லை. இப்படிப் பலகையில் கன்னத்தை வைத்துக்கொள்ள வேண்டும். கழுத்தில் ஒரு ஆள் நிற்கிறான் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். மூச்சைப் பிடித்து... இப்படி. பார்த்தீர்களா? மூக்கு விடைக்கிறதா? இடப் பக்கம் உதடு தானாகப் போகிறதா? யார் செய்தாலும் இப்படித்தான் போகும். இது உடற்கூறு. இதில் எங்கிருந்து அந்த மனிதர் ஜாடை...

ஏன் அக்கா சிரிக்கிறீர்கள்?

என்ன, அச்சு அசலாகவா? எதை அச்சு அசலாக? நீங்கள் எப்படிச் சொல்ல முடியும், ஹிரானுமாவை நீங்கள் பார்த்ததே இல்லையே. அவர் அறைக்குள் உட்கார்ந்திருக்கிறார், நீங்கள் பார்க்கவே இல்லை, பிறகு யாரை...

நானா?

இல்லை அக்கா. என் மூக்கு இப்படியா? உங்களுக்கு உள்ளே நுழைந்ததும் தெரிந்ததா, இப்போதுதான் தெரிந்ததா? நான் பேச ஆரம்பித்ததிலிருந்தேவா! அடப்பாவி மக்கா. அதனால்தானா அம்மா உதட்டைக் கோணாதே என்றாள்? அதனால்தானா அந்தக் குருக்களம்மா கொழுக்கட்டை கொழுக்கட்டையாக வைத்தாள்? பட்டறை பூராவும் சிரித்தது அவரைப் பார்த்து இல்லையா?

இருங்கள், கொஞ்சம் இருங்கள்.

நான் அவரிடம் நிமிர்ந்து நின்று கேட்டேனே, உங்களை மாதிரி இருக்கிறது என்றுதானே என்று. ஐயோ. "நான் இவ்வளவு அழகில்லை" என்றாரே.

பாருங்கள் அக்கா அந்த மனிதரின் திமிரை! தெரிந்துகொண்டே சொல்லவில்லை. படுத்துப் பார்த்து, எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, யாரோ ஒருவர் என்கிறார். யார் என்று சொன்னால் வாய் வெந்துவிடுமா? திறப்பு முழுக்க, ஊர் உலகமெல்லாம் வந்து குனிந்து என் மூஞ்சியைப் பார்த்துப் பாவம் பாவம் என்று போயிருக்கிறது. நான் தூணுக்குப் பின்னால் பெருமையாக நின்றிருக்கிறேன். ஆரஞ்சுப்பழம் வைத்தாளே ஒருத்தி! எனக்கு எதற்கு ஆரஞ்சுப்பழம்? என்னை யார் மிதித்தார்கள்? ஆயிரத்து முந்நூறு வருஷத்துச் சாமியை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை, நான் கீழே கிடந்து கத்திக்கொண்டிருந்ததால்.

இதோ மணி அடிக்கப் போகிறார்கள். உங்கள் மகனும் இறங்கி வருகிறார், நீல நிறச் சட்டைதானே? அவரையும் கூட்டிக்கொண்டு ஓடிப் போய் இன்னொரு தரம் உள்ளே பாருங்கள். விடுவார்கள், நான் சொன்னேன் என்று சொல்லுங்கள். செருபி-சான் என்றால் தெரியும். கீழே பார்க்காதீர்கள். அந்த வலது கையைப் பாருங்கள், சுண்டுவிரலைப் பாருங்கள்.

நானா? நான் அலுவலக அறைக்குப் போகிறேன். குனிய மாட்டேன். நேராக நின்று சொல்வேன்: நாளைக்குப் பஞ்சும் வெந்நீரும் என் பக்கத்தில் இருக்க வேண்டும், நட்சுமி அல்ல, நீங்கள் அல்ல, யார் கையும் படக்கூடாது. என் மூஞ்சி, நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கோணின உதட்டிலிருந்துதான் ஆரம்பிப்பேன். அதற்குப் பதிலாக எதையும் கேட்க மாட்டேன், விரூபாட்சன் பெயரை என் வாயால் எடுக்கவே மாட்டேன். வேண்டுமானால் அந்த மனிதரே ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து போடட்டும். அப்போது ஏறுவதா வேண்டாமா என்று நான் யோசித்துச் சொல்கிறேன்.